டொன் நதியும் கூரைப் பீலியும்

ரொறொன்ரோ நகரின் ஊடாக ஓடி ஒன்ராறியோ ஏரியில் கலப்பது டொன் நதி. நீளம் சுமார் 38 கிலோமீற்றர். 1969 நவம்பரில், பொல்யூஷன் புரோப் என்ற அமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் சவப்பெட்டியுடன் ஊர்வலமாகச் சென்று இந்நதிக்கு மரணச்சடங்கு நடத்தினார்கள். ஆலைக்கழிவும் மலநீரும் நதியை அந்நிலைக்குக் கொண்டுவந்திருந்தன.

நதியை மீட்பதற்கென 1989இல் மாநகரசபை குடிமக்கள் குழுவொன்றை அமைத்தது. தொண்டர்கள் கரையோரங்களில் இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். சதுப்புநிலங்களை மீள உருவாக்கினார்கள். 2024இல் நதிக்குப் புதிய முகத்துவாரமும் திறந்துவிடப்பட்டது.

ஆயினும் நோய் முற்றாக நீங்கவில்லை. நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே நிலத்தடிக் குழாயில் செல்கின்றன. பெருமழையின்போது குழாய் நிரம்பி, மிகுதி நதிக்குள் வழிகிறது.

வீட்டுக்காரரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயை நிலத்தடிக் குழாயிலிருந்து துண்டித்து, நீரைப் புல்தரையில் விடலாம். மாநகரச் சட்டமும் இதனையே கோருகிறது. மழைநீர்ப் பீப்பாய் ஒன்றும் வைக்கலாம். வீட்டின் முன்னுள்ள மாநகரசபை நிலத்தில் மரம் வேண்டுமென்று விண்ணப்பித்தால், சபையே இலவசமாக நட்டுத்தரும். மரநடுகைக்கும் கரையோரத் துப்புரவுக்கும் தொண்டர்கள் எப்போதும் தேவை.

கிணற்றடியில் குளித்த நீரையும் வாழைக்குத் திருப்பிவிட்ட நம்மவர்க்கு இது புதிய பாடமல்ல.