பில்ட் பாஸா, ஃபெயிலா? - ஒரு குட்டி வரலாறு

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி, மணி ஒன்றரை. கடைசி மாற்றத்தை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு ஏஐ ஏஜென்டிடம், "பைப்லைன் என்ன ஆச்சு, பார்த்துச் சொல்லு" என்றேன். பத்து நொடியில் பதில் வந்தது: எல்லாம் பாஸ். நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலையில் டெமோவில் லாகின் பக்கமே திறக்கவில்லை!

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் ஓடி முடிந்த பழைய பில்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. ராத்திரி நான் ஏற்றியதற்கான பில்ட் அந்த நேரத்தில் வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. "இந்த வேலையை முன்னெல்லாம் யார் பார்த்தார்கள்?" என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டவைதான் இவை.

பைப்லைன் தெரியாதவர்களுக்கு: நாம் எழுதிய கோடை எடுத்து, கம்பைல் செய்து, டெஸ்ட்களை ஓட்டி, சர்வரில் ஏற்றுவது வரை வரிசையாக நடக்கும் தானியங்கி வேலை. நடுவில் ஒன்று தவறினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் ஸ்டேட்டஸ் பார்ப்பது.

ஆரம்பத்தில் இது மனிதர்கள் பாடு. ராத்திரி பில்ட் ஓடும், காலையில் வந்து யாராவது பார்ப்பார்கள். 1999-ல் கென்ட் பெக் எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் புத்தகம் வந்த பிறகு, ஒரு நாளைக்குப் பலமுறை கோடை ஒன்று சேர்த்துச் சோதிக்கும் பழக்கம் பரவியது. 2001-ல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் குரூஸ்கன்ட்ரோல் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். யாராவது கோடை மாற்றினால் தானாகவே பில்ட் ஓட்டி மெயில் அனுப்பும். மெயிலை யார் படிக்கிறார்கள்? அதனால் விளக்கு வந்தது. 2004-ல் மைக் கிளார்க் தன் புத்தகத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு லாவா விளக்குகளை பில்டோடு இணைக்கச் சொல்லிக்கொடுத்தார். சிவப்பு விளக்கு சூடாகிக் குமிழி விடச் சில நிமிடம் ஆகும். அதற்குள் சரிசெய்துவிட்டால் மானம் தப்பித்தது :-)

அதே மானப் பிரச்சினைதான் ஹட்சனையும் பெற்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி அடிக்கடி பில்டை உடைத்துச் சக ஊழியர்களிடம் திட்டு வாங்கியவர். அவர்களுக்கு முன்னால் தனக்குத் தெரிய வேண்டும் என்று 2004-ல் எழுத ஆரம்பித்ததுதான் ஹட்சன். ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்ததும் 2011-ல் அது ஜென்கின்ஸ் ஆனது. அதில் பில்ட் பாஸானால் நெடுங்காலம் பச்சைக்குப் பதில் நீல உருண்டைதான் காட்டும். ஜப்பானில் சிக்னல் பச்சையை 'நீலம்' என்றுதான் சொல்வார்களாம்! பக்கத்திலேயே வெயில், மேகம், இடி மழை என்று ஒரு படம் இருக்கும். கடைசி ஐந்து பில்ட்கள் எப்படிப் போயின என்பதன் வானிலை அறிக்கை அது.

அடுத்தது கிளவுட் காலம். 2019-ல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதும் மாணவர்களான நம் கைக்கும் பைப்லைன் வந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ மாடல்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான வழி அது. 2025-ல் கிட்ஹப்பும் தன் பங்குக்கு ஒரு எம்சிபி சர்வர் கொடுத்தது. இப்போது நாம் விளக்கையும் பார்ப்பதில்லை, படத்தையும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆள் வைத்துக்கொண்டோம்.

வண்டலூரில் இருந்துகொண்டு பச்சை விளக்கைப் பற்றி எழுதும்போது ரயிலை விட முடியாது. 'லைன் கிளியர்' கேட்பது ரயில்வேயின் பழைய பழக்கம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டு, இடையில் வேறு வண்டி இல்லை என்று உறுதியான பிறகுதான் ரயிலை அனுப்புவார்கள். ஆனால் வழியில் பாலம் பத்திரமாக இருக்கிறதா என்பது அந்தக் கேள்வியில் அடங்காது. 1956 நவம்பர் 22 இரவு எழும்பூரில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இதே வழித்தடத்தில் வண்டலூரைத் தாண்டித்தான் தெற்கே போனது. விடியற்காலையில் அரியலூருக்குப் பக்கத்தில், மருதையாற்று வெள்ளம் பாதையை அரித்திருந்த இடத்தில் கவிழ்ந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

என் டெமோ சொதப்பலை அந்தத் துயரத்தோடு ஒப்பிடவில்லை. எந்த விளக்கும் அதனிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அவ்வளவுதான் சொல்ல வருகிறேன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸையே பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' தனி, 'கன்க்ளூஷன்' தனி. முதலாவது ஓட்டம் காத்திருக்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா என்று சொல்லும். வெற்றியா தோல்வியா என்பது இரண்டாவதில்தான் இருக்கும். 'முடிந்தது' என்பதை 'ஜெயித்தது' என்று படித்தால் போச்சு. இன்னொரு கூத்து: நிபந்தனை போட்டு ஒரு ஜாபைத் தாண்டவிட்டால், கட்டாயச் சோதனைகளின் கணக்கில் அது வெற்றியாகவே சேரும். ஓடாத டெஸ்டுக்கும் பச்சை டிக்!

லாவா விளக்கு எரிந்தபோது கோடை எழுதியவர் அதே அறையில் இருந்தார். எந்த மாற்றத்துக்காக எரிகிறது என்று அவருக்குத் தெரியும். ஏஜென்டுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் "பாஸா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. எந்த கமிட்டுக்கான ஓட்டம், எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை டெஸ்ட் ஓடியது, எத்தனை தாண்டப்பட்டது என்று கேட்கிறேன். ஓட்டத்தின் சுட்டியையும் வாங்கி ஒருமுறை நானே திறந்து பார்க்கிறேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரிவ்யூவில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அடுத்த வாரம் மறுபடி காட்டச் சொன்னார்கள். அந்தத் தடவை தூங்குவதற்கு முன் நானே லாகின் செய்து பார்த்தேன் :-)