பேணலும் புதுக்கலும்: மரக் கோஸ்ரர்களின் வரலாறு

பழம்பொருளைப் பேணுதல் என்றதும் கோயில், கோட்டை, ஏட்டுச்சுவடி முதலியனவே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுக்கெனச் செய்த பொறியொன்றும் ஒரு நாட்டின் வரலாற்றுச் சின்னமாகலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே மரத்தாலான றோலர் கோஸ்ரர்கள் சில அத்தகைய மதிப்பைப் பெற்றுள்ளன. உயர்ந்த மேட்டுக்கு இழுத்துச் செல்லப்படும் வண்டித்தொடர், அங்கிருந்து தன் பாரத்தாலேயே உருண்டு, பள்ளமும் மேடும் வளைவும் கடந்து, புறப்பட்ட இடத்தை வந்தடைவதே கோஸ்ரரின் இயல்பாகும். இவற்றுட் பழையனவற்றை உள்ளவாறே காப்பதா, இக்காலத்துக்கேற்பப் புதுக்குவதா என்னும் வினா நெடுநாளாக எழுந்து வருகின்றது. அதனை அவற்றின் வரலாற்றோடு சேர்த்து ஈண்டு ஆராய்வாம்.

உருசிய நாட்டில், மரச்சாரங்களின்மேல் நீர் வார்த்து உறையச்செய்து அமைத்த பனிச்சறுக்கு மேடுகளே இவ்விளையாட்டின் தோற்றுவாய். 1817இல் பாரிஸ் நகரிலே சில்லுப் பூட்டிய வண்டிகள் தடத்தில் ஓடலாயின. அமெரிக்காவிலோ, 1884இல் நியூயோர்க்கின் கோனித் தீவில் இலமார்க்கஸ் தொம்சன் என்பார் அமைத்த தடமே இத்தொழிலுக்கு வித்திட்டது. அதில் வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 மைல். கட்டணம் 5 சதம். பின்னர் யோன் மில்லர் என்னும் பொறியியலாளர், தடத்தின் அடிப்புறத்தையும் பற்றி ஓடும் சில்லொன்றை வகுத்து 1919இல் அதற்கு உரிமை பெற்றார். வண்டி தடத்தைவிட்டு மேலெழும் அச்சம் இதனால் நீங்கிற்று. செங்குத்தான சரிவுகளும் விரைந்த ஓட்டமும் இயல்வனவாயின. 1920ஆம் ஆண்டுகளே மரக் கோஸ்ரர்களின் பொற்காலம் எனலாம்.

அப்பொற்காலம் நீடிக்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் அதன்பின் மூண்ட உலகப்போரும் பல பூங்காக்களை மூடச்செய்தன. 1959இல் டிஸ்னிலாந்திலே உருக்குக் குழாய்த் தடம் தோன்றியபோது மரத்துக்குப் புதிய போட்டியும் எழுந்தது. 1972இல் ஒஹையோ மாநிலத்தில் யோன் அலன் வகுத்த ‘றேசர்’ திறக்கப்பட்ட பின்னரே மரக் கோஸ்ரர்மேல் மக்களுக்கு மீண்டும் விருப்பு உண்டாயிற்று. எஞ்சியவற்றைக் காக்கவேண்டும் என்ற உணர்வும் அக்காலத்திலேயே வலுப்பெற்றது.

பேணல் பற்றிய வினாவுக்கு விடைகாண, மரத் தடத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியால் இறுக்கி, மேலே மெல்லிய இருப்புத் தகடு பதித்தால் அதுவே தடமாகும். வண்டி செல்லுந்தோறும் இவ்வடுக்குச் சற்றே வளைந்து கொடுக்கும். மழையிலும் வெயிலிலும் மரம் விரிந்து சுருங்கும், ஆணி தளரும். ஆதலின் தொழிலாளர் நாள்தோறும் தடத்தின்மேல் நடந்து பார்ப்பர், தளர்ந்ததை இறுக்குவர், பழுதுற்ற பலகையைப் பெயர்த்துப் புதியது பதிப்பர். நூறாண்டு கண்ட கோஸ்ரரில் முதல் நாளிற் பதித்த பலகைகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். எனவே, மரக் கோஸ்ரரை ‘மாற்றாமற் காத்தல்’ என்பது சொல்லளவிலேயே பிழையாகும். மாற்றாவிடின் அது மடிந்துபோம். எம்மாற்றத்தால் அப்பொருள் அதுவாகவே நிற்கும், எம்மாற்றத்தால் வேறாகும் என்பதே உண்மையான வினா.

இதற்கு இரண்டு சான்றுகளை ஒப்பிட்டு நோக்கலாம். கோனித் தீவின் ‘சைக்குளோன்’ 1927இல் திறக்கப்பட்டது. அதனைத் தாங்கும் சட்டகம் உருக்காலானது; தடம் மட்டுமே மரம். எனினும் அதனை மரக் கோஸ்ரர் என்றே அனைவரும் கொள்வர். 1970ஆம் ஆண்டுகளில், அருகிலிருந்த மீன்காட்சிச்சாலையை விரிவாக்கும்பொருட்டு அதனை இடிக்க எண்ணியபோது எதிர்ப்பு எழுந்தது, கோஸ்ரர் தப்பியது. 1988இல் நியூயோர்க் நகரம் அதனைத் தன் நினைவுச்சின்னமாக அறிவித்தது.

மறுபுறம், தெக்சாஸ் மாநிலத்தில் 1990இல் திறந்த ‘தெக்சாஸ் ஜயன்ற்’ இருபது ஆண்டுக்குள் கரடுமுரடாகிப் பராமரிப்பாரை வருத்தியது. அதன் மரச்சட்டகத்தைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு, தடத்தை முழுதும் உருக்காக மாற்றி 2011இல் மீளத் திறந்தனர். 79 பாகை சாய்வுடைய சரிவு அதில் அமைந்தது. 1991இல் ஒஹையோவில் எழுந்த ‘மீன் ஸ்ரீக்’ என்பதும் அவ்வாறே மாற்றப்பட்டு, 2018இல் 205 அடி உயரத்தோடு வேறு பெயர் பூண்டது. அதில் பயணிகள் நான்கு முறை தலைகீழாகச் சுழல்வர். சட்டகம் உருக்காயிருந்தும் சைக்குளோன் பழமை மாறாது நின்றது. சட்டகம் மரமாயிருந்தும் இவை புதுப்பொருள்களாயின. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தில் அன்று, சில்லும் தடமும் கூடும் இடத்திலேயே மரக் கோஸ்ரரின் தன்மை உறைகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பென்சில்வேனியாவின் அல்ரூனா நகரில் 1902இல் எழுந்த ‘லீப் த டிப்ஸ்’ இதனை மேலும் வலியுறுத்தும். அதன் உயரம் 41 அடி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 மைல். மில்லரின் அடிச்சில்லுக்கு முந்திய அமைப்பாதலால், வண்டி தன் பாரத்தால் மட்டுமே தடத்தில் நின்றது. 1985இல் ஓட்டம் நின்றது. 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1999இல் மீண்டும் ஓடிற்று. மரங்கள் பல புதியன. ஆயினும் அடிச்சில்லு பூட்டப்படவில்லை. பூட்டியிருப்பின், தொல்முறை இயக்கமொன்று எவ்வாறிருந்தது என்பதை உடலால் உணரும் வாய்ப்பு உலகில் அருகியிருக்கும்.

இவ்வளவுங் கூறியதனாற் புதுக்கலை முற்றும் பழித்தல் முறையன்று. வருவாய் தராத பூங்காப் பொறியை எவரும் நெடுநாள் வைத்திரார். கோனித் தீவிலேயே 1925இல் எழுந்த ‘தண்டர்போல்ற்’ பல்லாண்டு ஓட்டமின்றிப் பாழ்பட்டுக் கிடந்து 2000இல் இடிக்கப்பட்டது. மாறாக, சான் டியேகோவில் 1925இல் எழுந்த ‘ஜயன்ற் டிப்பர்’ 1976இல் மூடப்பட்டபோது, ஊர்மக்கள் குழுவாகத் திரண்டு அது இடிபடாமற் காத்தனர். பழுதுபார்க்கப்பட்டு 1990இல் அது மீண்டும் ஓடலாயிற்று. பேணல் என்பது சட்டத்தின் அறிவிப்பால் மட்டும் நிறைவேறுவதன்று. ஏறி அமர்வோரும் ஆணி இறுக்குவோரும் இருக்கும்வரையே அது நிலைக்கும்.

ஆகவே, ஒரே விதியை எல்லாவற்றுக்கும் வகுத்தல் தகாது. 1990ஆம் ஆண்டுகளில் எழுந்து, தம்மைப் போன்றன பல உடைய கோஸ்ரர்களை உருக்குத் தடமாக்குதலால் வரலாறு பெரிதும் இழப்பதில்லை. இடித்தலினும் அது நன்றே. தம் காலத்து இயக்கமுறைக்குத் தாமே சான்றாக எஞ்சியவற்றிலோ, பலகையை மாற்றலாம், ஆணியை மாற்றலாம், இயங்கும் முறையை மாற்றலாகாது. பழைய பெயரையும் தோற்றத்தையும் மட்டும் நிறுத்தி உள்ளியக்கத்தை மாற்றிவிட்டு, அதனைப் பேணல் என்று அழைப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். ஒரு பொருளைக் காக்கப் புகுவோர், அதன்கண் காக்கத்தக்கது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.