முன்வரிசை ஐவர்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், சனிக்கிழமை இரவு. சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்கான ஹாக்கி இறுதியாட்டம். நாங்கள் நால்வர் துவாக்குடியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், தொலைக்காட்சியின் முன்னால் கட்டுண்டு கிடந்தோம். இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. எழுந்து போய்விடலாமா என்று எங்களுள் ஒருவர் கேட்டதும் உண்மை. பொறுத்திருந்தது நல்லதாயிற்று! மூன்றாம் கால்பகுதியின் இறுதி நிமிடத்தில் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோலும் குர்ஜந்த் சிங் ஒரு கோலும் அடித்துச் சமன் செய்ய, 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. 4-3.

மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளத் தஞ்சாவூர்ச் சாலையோரத் தேநீர்க் கடைக்கு வந்தபோது, அங்கே எங்களுக்கு முன்பே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, கொதிகலன் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். பிரதிவாதி, பொறியியல் படிக்கும் இளைஞர்.

"நாலு கோல்ல ஒண்ணு பெனால்டி கார்னர், ஒண்ணு பெனால்டி ஸ்ட்ரோக். பாதி வெற்றி நின்ன பந்துல வந்தது தம்பி. ஃபார்வர்டு லைன் ஆடி ஜெயிச்சாத்தான் ஹாக்கி" என்றார் பெரியவர்.

"மீதிப் பாதி யார் ஆடி வந்தது ஐயா? கடைசி ரெண்டு கோலும் ஓட்டத்துல வந்ததுதானே?" என்றார் இளைஞர்.

எங்களைக் கண்டதும் இருவரும் எங்களையே நடுவர்களாக்கிவிட்டனர். அன்றிரவு எங்களால் தீர்ப்பு வழங்க இயலவில்லை. ஆனால் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. முன்வரிசை வீரர்களுக்கிடையே நிலவும் அந்தப் புரிதல், ரசிகர்கள் 'கெமிஸ்ட்ரி' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் அந்த உறவு, எங்கிருந்து வருகிறது? அது உண்மையிலேயே மறைந்துவிட்டதா? வரலாற்றின் பக்கம் திரும்பினால் ஏதேனும் விடை கிடைக்கலாம் என்று தோன்றியது.

வளைகோலின் அமைப்பிலிருந்தே தொடங்குவோம். அதன் இடப்புறம் மட்டுமே தட்டையானது. பந்தை அந்த முகத்தால்தான் ஆடவேண்டும். இடக்கைக்காரருக்கென்று தனிக்கோல் கிடையாது. ஆகவே வலமிருந்து இடமாகப் பந்தை அனுப்புவது இயல்பு; இடமிருந்து வலமாக அனுப்புவது கடினம். வலப்புறம் தள்ள விரும்புபவர் உடலைத் திருப்பியாக வேண்டும். அத்திருப்பமே எதிரணிக்கு முன்னறிவிப்பாகிவிடும். பழைய ஐவர் வரிசையில் 'ரைட் இன்' ஆடுபவர், விளிம்பில் ஓடும் 'ரைட் அவுட்'டுக்குப் பந்தை அனுப்ப வேண்டுமானால், அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு அனுப்ப நேரம் இராது. அவர் எங்கே இருப்பார் என்று முன்னரே அறிந்திருக்க வேண்டும். ரசிகர் மொழியில் கெமிஸ்ட்ரி எனப்படுவதன் பாதி இந்த முன்னறிதல்தான்.

இது இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கைவிடச் சிறந்த சான்று இல்லை. அணித்தலைவர் தியான் சந்த். பக்கத்தில் தம்பி ரூப் சிங். உலகம் கண்ட மிகச் சிறந்த இணை அது. எனினும் போட்டி தொடங்குமுன் நிகழ்ந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 1-4 எனத் தோற்றது. 1928, 1932 என இருமுறை தங்கம் வென்ற அணி! குறை முன்வரிசையின் வலப்பக்கத்தில் இருந்தது. தாயகத்துக்குத் தந்தி பறந்தது. அலி தாரா என்ற 'ரைட் இன்' ஆட்டக்காரர் விமானத்தில் வரவழைக்கப்பட்டார். கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த காலத்தில், ஒரே ஓர் ஆட்டக்காரருக்காக விமானம்! அரையிறுதிக்கு முன் அவர் வந்து சேர்ந்தார். ஷஹாபுத்தீன், தாரா, தியான் சந்த், ரூப் சிங், ஜாஃபர் என்று ஐவர் வரிசை அமைந்தது. பிரான்ஸை 10-0 என்றும், ஆகஸ்ட் 15ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்றும் இந்தியா வென்றது. பதினொருவரில் ஒருவர் மாறியதற்கே இத்துணை விளைவு. (தியான் சந்தின் தன்வரலாற்று நூல் 1952இல் நம் சென்னையிலிருந்துதான் வெளியானது என்பதை அறியும்போது நமக்குச் சற்றே பெருமிதம் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை.)

இந்தப் புரிதல் எங்கெல்லாம் விளைந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்று இடங்களைச் சுட்டலாம்: படைமுகாம், ரயில்வே குடியிருப்பு, ஒரே வீடு.

படைமுகாமுக்குத் தியான் சந்தே சான்று. ரயில்வேக்கு லெஸ்லி கிளாடியஸ். பிலாஸ்பூர் ரயில் நகரத்தில் பிறந்து, கரக்பூரில் பெங்கால் நாக்பூர் ரயில்வே அணியால் கால்பந்திலிருந்து வளைகோலுக்கு இழுக்கப்பட்டவர். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் கொணர்ந்தவர். ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த ரயில்வே குடியிருப்புகள் நாடெங்கும் இவ்வாட்டத்தின் நாற்றங்கால்களாக இருந்தன. நம் பொன்மலையும் அத்தகைய ஓர் ஊர்தான். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை அங்கு இடம்பெயர்ந்தபோது, பணிமனையோடு ஒரு வாழ்முறையும் வந்தது. காலையில் சங்கு ஊதும், மாலையில் சங்கு ஊதும். இடையில் ஒரே பட்டறையில் நின்றவர்கள் அதன்பின் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் நடையும் மூச்சும் கோபமும் பத்தாண்டுப் பழக்கம். அங்கே புரிதலைத் தனியே பயிற்றுவிக்க வேண்டிய தேவை என்ன?

ஒரே வீடு என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, ஜபல்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்த பியர்ஸ் குடும்பம். அவ்வீட்டின் சகோதரர் ஐவருமே ஆஸ்திரேலிய அணிக்காக ஆடினர். வீட்டுக்கு ஒரு முன்வரிசை! தமிழகத்திலும் அத்தகைய ஒரு வீடு உண்டு. அண்ணன் வி.ஜே. பீட்டர் 1960இல் வெள்ளி, 1964இல் தங்கம், 1968இல் வெண்கலம் என மூன்று ஒலிம்பிக் பதக்கங்களைக் கண்டவர். தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1972இல் மியூனிக்கில் வெண்கலம் பெற்ற அணியில் இருந்தவர். 1978 உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமையேற்றவர். ஆயினும் அவர் பெயரைத் தமிழ் ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது பெரிதும் 1975 கோலாலம்பூருக்காக.

தேநீர்க் கடைப் பெரியவரின் வாதமும் அங்கிருந்துதான் புறப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாள், மெர்தேகா அரங்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கும் விளிம்பிலிருந்து அஸ்லம் ஷேர் கானின் கோலால் மீண்டு, கூடுதல் நேரத்தில் வென்று வந்திருந்தது இந்தியா. பெரியவர் அப்போது ஆலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர். வானொலியில் ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வருணனை. "எனக்கு ஒரு எழுத்து இந்தி தெரியாது. பக்கத்துல போபால்காரர் ஒருத்தர் உட்கார்ந்து கையாலயே ஆடிக் காட்டுனாரு. பிலிப்ஸ், பிலிப்ஸ்னு பேரு மட்டும் எனக்கு விளங்கும். அது போதாதா?" என்றார். எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

வலது ஓரத்தில் பிலிப்ஸ். அவருக்கு உட்புறம் தியான் சந்தின் மகன் அசோக் குமார். பின்னர் கோவிந்தா, சிவாஜி பவார், ஹர்சரண் சிங். அவர்களுக்குப் பின்னால் இடைநிலையில் அணித்தலைவர் அஜித்பால் சிங். 17ஆவது நிமிடத்தில் பாகிஸ்தான் முந்தியது. இடைவேளைக்குப் பின் சுர்ஜித் சிங் சமன் செய்தார். 51ஆவது நிமிடத்தில் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் உள்மூலையில் பட்டு வெளியே தெறித்தது. கோல் என்று கைகாட்டினார் மலேசிய நடுவர் விஜயநாதன். பாகிஸ்தான் வீரர்கள் மறுத்துப் பார்த்தனர், தீர்ப்பு நின்றது. 2-1. இந்தியா உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

இங்கே ஒன்றை இளைஞர் சரியாகவே பிடித்துக்கொண்டார். "அந்தப் ஃபைனல்லயும் முதல் கோல் பெனால்டி கார்னர்ல வந்ததுதானே ஐயா? சுர்ஜித் ஃபுல்பேக் தானே?" பெரியவர் தேநீரை உறிஞ்சினார், பதில் சொல்லவில்லை. நினைவு வெற்றியின் ஒரு பாதியை மட்டும் பொன்முலாம் பூசி வைத்துக்கொள்கிறது என்பதை நாங்கள் எல்லோருமே அந்தக் கணத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

எனினும் பெரியவரின் பக்கமும் நியாயம் உண்டு. அவர் கண்ட ஆட்டம் உண்மையிலேயே இன்றில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தது; புல்தரையில் வளர்ந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. சீரான தளத்தில் பந்து விரைந்து ஓடியது. சிறு தட்டல்களால் பின்னிப் பின்னி முன்னேறிய ஐவர் வரிசைக்கு நேரம் போதவில்லை. 1980 மாஸ்கோவில் ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது. ஸ்பெயினுக்கு எதிராக 3-0 என முந்தி, பின் மூச்சுத் திணறி 4-3 எனக் கரையேறிய ஆட்டம். பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறு அணிகளே ஆடிய போட்டி என்பதையும் மறைப்பதற்கில்லை. பின்னர் 1992இல் எத்தனை முறையும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. 1996இல் சோதனையாகத் தொடங்கி 1998இல் 'ஆஃப்சைடு' விதியே நீக்கப்பட்டது. முன்வரிசை என்ற சொல்லுக்கே பொருள் மாறிற்று. இன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்கள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கின்றனர். எழுபது நிமிடமும் ஒரே ஐவர் தோளோடு தோள் நின்ற காலம் முடிந்துபோனது.

அப்படியானால் புரிதலும் முடிந்துபோனதா? இல்லை என்றே எண்ணுகிறோம். அது ஐவரிடமிருந்து பதினெண்மருக்குப் பரவியிருக்கிறது. இணையைத் தெரிந்திருந்தால் முன்பு போதும். இன்று எந்த நேரத்தில் எவர் பக்கத்தில் இருந்தாலும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். இது எளிதன்று, முன்னினும் கடினம். சென்னை இதற்கு இருமுறை சாட்சியாக இருந்திருக்கிறது. 2007 செப்டம்பரில் இதே எழும்பூர் அரங்கில் ஆசியக் கோப்பையை வென்ற இந்தியா, போட்டி முழுவதிலும் 57 கோல்கள் குவித்தது. இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 7-2 எனச் சாய்த்தது. முன்வரிசை மீண்டும் பிறந்துவிட்டது என்று எழுதாதவர் இல்லை. ஆறே மாதங்களில், அதே பயிற்றுநர் கார்வாலோவின் அணி, சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 எனத் தோற்று, 1928க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழையும் தகுதியையே இழந்தது. புரிதல் ஒருமுறை கிடைத்தால் என்றும் கைவசம் இருக்கும் சொத்தன்று. நாகஸ்வர இணையொன்று சாதகத்தை நிறுத்தினால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும்.

எனவேதான் எங்கள் கவலை வெற்றிக் கணக்கைப் பற்றியதன்று, நாற்றங்காலைப் பற்றியது. பீட்டர், முனீர் சேட், கிருஷ்ணமூர்த்தி பெருமாள், பிலிப்ஸ், பாஸ்கரன் என்று ஒரு காலத்தில் இந்திய அணியில் தமிழகத்துக்கு இடையறாத இடம் இருந்தது. 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் வெண்கலம் வென்ற அணிகளில் தமிழகத்து வீரர் ஒருவரும் இல்லை. பட்டறையும் மைதானமும் அடுத்தடுத்து இருந்த வாழ்க்கை சுருங்கிவிட்டது. ஒரே அணியில் பத்தாண்டு ஆடினால் வீட்டில் அடுப்பெரியும் என்ற உறுதி முன்பு ஒரு வேலையிலிருந்து கிடைத்தது. அந்த உறுதி இல்லாத இடத்தில் இளைஞர்கள் தனித்தனியே திறமைசாலிகளாகலாம். ஒரு வரிசையாவது அரிது.

ஆனால் அன்றிரவு வழக்கை முடித்துவைத்தவர் தேநீர்க் கடைக்காரர். "அந்த கார்த்தி நம்ம அரியலூர்ப் பையன்தானே?" என்றார் அவர், பாலை ஆற்றியபடி. ஆம், 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இருந்த அரியலூர்தான். கோவில்பட்டி விடுதியில் பயின்ற செல்வம் கார்த்தி, 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில், தம் முதல் பன்னாட்டு ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். கோவில்பட்டியிலேயே பயின்ற மாரீஸ்வரனும் அதே போட்டியில் இந்திய உடையணிந்தார். ஒரே மண்ணில் ஒன்றாக வளைகோல் பிடித்த இருவர், ஒரே அணியில்! சென்னைப் போட்டியிலும் மலேசியாவை 5-0 என வென்ற லீக் ஆட்டத்தின் முதல் கோல் கார்த்தியுடையது.

பெரியவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு இளைஞரிடம், "அந்தப் பையன் எந்த இடத்துல ஆடுறான்?" என்று கேட்டார். இளைஞர் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, தேநீர்க் குவளைகளை வீரர்களாக்கி மேசைமேல் அடுக்கத் தொடங்கினார். ஐந்து குவளைகளை ஒரே வரிசையில் வைக்க முடியாது என்று அவர் விளக்க, வைத்துப் பார் என்று பெரியவர் சொல்ல, நாங்கள் விடைபெற்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பொன்மலைப் பணிமனை அணியிலோ, கொதிகலன் ஆலை அணியிலோ ஆடியவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு குழுப் புகைப்படம் இருக்கும். அதில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டால், யார் யாருக்குப் பந்து கொடுத்தார் என்பதையும் சொல்வார்கள். கல்வெட்டுகளைத் தேடி மலையேறும் நாம், அந்த வீடுகளின் படியையும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாகாதா? நாங்கள் ஏறத் தொடங்கியிருக்கிறோம். வாசகர்களும் துணைவந்தால் மகிழ்வோம்.