உருமாற்றமும் அச்சமும்

இலக்கியத்தில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுகிறார். அணங்கும் விலங்கும் கள்வரும் தம்மை ஆளும் தலைவருமே அவை. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே, அவனுக்கு எதிராக நிற்பவை. நன்கு பழகிய ஒருவரே வேறொருவராக மாறுங்கால் எழும் அச்சமோ இவற்றினும் வேறானது. அஃது எவ்வாறு பிறக்கிறது என்பதை ஓர் ஆங்கிலக் கதையின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதிய 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' 1886இல் வெளிவந்தது. லண்டனில் நன்மதிப்புடன் வாழும் மருத்துவர் ஒருவர், தாமே கலந்த மருந்தை அருந்திக் கொடியவனாக மாறுவதே கதை. இன்று இதனை அறியாத வாசகர் சிலரே. எனினும், இருவரும் ஒருவரே என்னும் உண்மையை ஆசிரியர் கதையின் இறுதிப் பகுதிவரை மறைத்தே வைத்தார். ஹைடைக் கண்டோர் அனைவரும் அருவருப்படைகின்றனர்; அவனிடமுள்ள குறை இன்னதென்று சுட்டிக்கூற ஒருவராலும் இயலவில்லை. இதனினும் கொடிய இடம் ஒன்று உண்டு. மருந்தருந்தாமலே ஒருநாட் காலை கண்விழிக்கும் ஜெக்கில், படுக்கைமீது கிடக்கும் தம் கை ஹைடின் கையாக மாறியிருக்கக் காண்கிறார். நாள்தோறும் பார்த்துப் பழகிய உறுப்பே அயலாகிவிட்டது.

மறு ஆண்டே இக்கதை அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நாடகமாயிற்று. ரிச்சர்டு மான்ஸ்பீல்டு என்னும் நடிகர் இரு பாத்திரங்களையும் தாமே ஏற்றார். நூல் மறைத்து வைத்த மாற்றம், மேடையில் அவையோர் கண்முன்னே நிகழ்ந்தது. 1888 ஆகஸ்டு 4ஆம் நாள் லண்டன் லைசியம் அரங்கில் நாடகம் தொடங்கியது. அம்மாத இறுதியில் அந்நகரின் ஒயிட்சாப்பல் பகுதியில் பெண்கள் கொடூரமாகக் கொல்லப்படலாயினர். இத்துணை எளிதில் உருமாற வல்லவரே கொலைஞராகவும் இருத்தல் கூடும் என ஐயுற்று, ஒருவர் காவல் துறைக்குக் கடிதமும் எழுதினார். அரங்கில் பிறந்த அச்சம் வெளியே வந்து, குற்றமற்ற நடிகர்மீது பழியாக விழுந்தது.

அந்நடிகரின் இரு தோற்றங்களையும் நிழற்படக் கலைஞர் வான் டெர் வெய்டு ஒரே படத்தில் பதித்தார். இருமுறை ஒளிபடச் செய்து, நிமிர்ந்து நிற்கும் ஜெக்கிலையும் கூனிக் குறுகிய ஹைடையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினார். கதையில் முன்னும் பின்னுமாக வரும் இருவர், நிழற்படத்தில் ஒரே கணத்தில் நிற்கின்றனர். ஜெக்கில் போனபின் ஹைடு வந்தான் என்று ஆறுதல் கொள்ள அங்கே இடமில்லை.

1931இல் ரூபன் மமூலியன் இயக்கிய திரைப்படம் இன்னும் ஒரு படி சென்றது. நடிகர் பிரெடரிக் மார்ச்சின் முகத்தில் முன்னரே வண்ண ஒப்பனை தீட்டப்பட்டது. காமிராவின் முன் செந்நிறக் கண்ணாடி இருக்கும்வரை, சிவப்பு ஒப்பனை கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாது. கண்ணாடியை மாற்றியதும் அது கருமையாக வெளிப்படும். ஹைடின் கோடுகள் தொடக்கமுதலே ஜெக்கிலின் முகத்தில் இருந்தன என்பது இதன் பொருள். கதையின் கருத்தும் அதுவே அன்றோ!

புழு வண்ணத்துப்பூச்சியாவது கண்டு எவரும் அஞ்சுவதில்லை. பழைய உரு புதியதனுள் எஞ்சி நின்று நம்மை நோக்கும்போதுதான் நெஞ்சு நடுங்குகிறது. ஆகவே, இத்தகைய கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பல்லையும் நகத்தையும் விரித்துரைப்பதோடு நில்லாமல், மாறிய உருவில் மாறாது நிற்பது யாது என்று மாணவரை வினவுதல் நன்று. அவ்வினாவிற்கு விடை காணும் மாணவன், உருவை மட்டும் கண்டு ஒருவர்மீது பழி சுமத்த எளிதில் துணியமாட்டான்.