பேட்சுக்குப் பெயர் வைத்த கதை

பேட்ச் என்றால் ஒட்டு. பஞ்ச் கார்டும் காகித நாடாவும் புழங்கிய காலத்தில், தப்பாகத் துளை விழுந்த இடத்தில் நிஜமாகவே காகிதத் துண்டை ஒட்டி மூடுவார்கள். சொல் அங்கிருந்து வந்தது. இப்போது பேட்ச் என்பது ஒரு டெக்ஸ்ட் ஃபைல். எந்த வரி போச்சு, எந்த வரி வந்தது என்பது மட்டும் அதில் இருக்கும். 1974-ல் பெல் லேப்ஸ் யூனிக்ஸில் டிஃப் வந்தது. அது இரண்டு ஃபைல்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் காட்டும். 1985-ல் லேரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர்) பேட்ச் என்ற புரோகிராமை வெளியிட்டார். அது அந்த வித்தியாசத்தை எடுத்து மூல நிரலின் மேல் ஏற்றிவிடும்.

டெபியன், ஃப்ரீபிஎஸ்டி மாதிரி டிஸ்ட்ரோக்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டித் தருகின்றன. பெரும்பாலானவை வேறு யாரோ எழுதியவை. அப்படியே எடுத்துப் போட முடியாது. ஃபைல் வைக்கும் இடம் மாறும், கம்பைலர் மாறும், பாதுகாப்பு ஓட்டை அடைக்க வேண்டியிருக்கும். ஆகவே பல பேக்கேஜுகளுக்கு ஒட்டுகள் சேரும். அஞ்சு வருஷம் கழித்து வேறொருத்தர் அதே பேக்கேஜைப் பார்த்துக்கொள்ள வருவார். இந்த ஒட்டு எதுக்கு, எடுத்துவிடலாமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் வந்த பதில், பெயர். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸில் ஆரம்பத்தில் பேட்ச்-ஏஏ, பேட்ச்-ஏபி என்று எழுத்து வரிசையில் பெயர் வைத்தார்கள். 1997-ல் அதிலிருந்து கிளைத்த நெட்பிஎஸ்டியின் பேக்கேஜ்சோர்ஸும் அதையே பின்பற்றியது. இந்தப் பெயரில் வரிசை தெரியும், வேறொன்றும் தெரியாது. பிறகு எந்த ஃபைலைத் திருத்துகிறதோ அதன் பாதையையே பெயராக்கினார்கள். டைரக்டரிக் கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டால் போதும். பெயரைக் கருவியே உண்டாக்கித் தரும், யாரும் யோசிக்க வேண்டாம். ஆனால் ஒரே காரணத்துக்காக அஞ்சு ஃபைலைத் திருத்தினால் அஞ்சு ஒட்டுகளாகச் சிதறிவிடும். 'எங்கே' என்பது தெரியும், 'ஏன்' என்பது தெரியாது. அதனால்தான் பேக்கேஜ்சோர்ஸின் பரிசோதனைக் கருவியான பேக்கேஜ்லின்ட், விளக்கம் எழுதாத ஒட்டைப் பார்த்தால் பிழை என்றே சொல்லும்.

டெபியன் வேறு வழியில் வந்தது. அங்கே பழைய வடிவத்தில் மெயின்டெய்னர் செய்த மொத்த மாற்றமும் ஒரே டிஃப் ஃபைலாகச் சுருட்டித் தரப்படும். தனித்தனியாகப் பிரிக்க விரும்பியவர்கள் டிபேட்ச் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒட்டுகளுக்கு 01, 02 என்று எண் போட்ட பெயர், தலைப்பில் விளக்கத்துக்கு ஒரு வரி. அந்த ஒட்டுகளும் கடைசியில் அதே பெரிய டிஃபுக்குள்தான் போய் உட்காரும். ஒட்டுக்குள் ஒட்டு!

இதெல்லாம் வெறும் ஒழுங்கு விஷயம் என்று நினைத்தால், 2006-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் நடந்ததைப் பாருங்கள். வால்கிரைண்ட் என்ற கருவி, மதிப்பே கொடுக்காத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை நிறுத்த டெபியனில் இரண்டு வரிகளை முடக்கினார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்று போனால் பெரிய நஷ்டம் இல்லை. மற்றொன்றுதான் தற்செயல் எண் தொட்டிக்குள் வெளியிலிருந்து வரும் தற்செயலை ஊற்றிய குழாய்.

குழாய் அடைபட்டதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். லினக்ஸில் அது அப்போது வழக்கமாக 32,768-க்குள் அடங்கும். அதாவது ஒரு வகை கணினியில், ஒரு அளவில் உண்டாகக்கூடிய சாவிகளை மொத்தமாக முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். உபுண்டு உட்பட டெபியனை ஒட்டி வந்த டிஸ்ட்ரோக்களுக்கும் இது பரவியது. 2008 மே 13 அன்றுதான் அறிவிப்பு வந்தது. மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. அந்த இருபது மாதங்களில் உருவான சாவிகளைத் தூக்கியெறிய வேண்டியிருந்தது.

மாற்றியவர் கேட்காமல் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேள்வி போனது, பிழை தேட உதவுமென்றால் நீக்கலாம் என்கிற தொனியில் பதிலும் வந்தது. ஆனால் கேட்டவர் மனசில் இருந்தது லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பேக்கேஜ். பதில் சொன்னவர் மனசில் இருந்தது பிழைதேடல். 'இந்த ஒட்டு மூல ஆசிரியரிடம் போனதா, அவர் ஏற்றாரா' என்று பதிந்து வைக்க ஒட்டில் நிர்ணயித்த இடம் எதுவும் அப்போது இல்லை.

2009-ல் வந்த டெப்-3 என்ற வழிகாட்டி அந்த இடத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு ஒட்டின் தலைப்பிலும் விவரம், எங்கிருந்து வந்தது, எந்தப் பிழை எண், மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று புலங்கள். மனுஷரும் படிக்கலாம், நிரலும் படிக்கலாம். இன்னொரு பக்கம், லினக்ஸ் கர்னலுக்காக ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய ஸ்கிரிப்டுகளிலிருந்து வளர்ந்த க்வில்ட், 2011-ல் வெளியான ஸ்க்வீஸ் பதிப்பு வாக்கில் டெபியனின் மூல வடிவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வரிசையை சீரீஸ் என்ற தனி ஃபைல் பார்த்துக்கொள்ளும். ஆகவே பெயருக்கு எண்ணைச் சுமக்கும் வேலை போய், நோக்கத்தைச் சொல்லும் வேலை வந்தது.

டெப்-3 முன்பே இருந்திருந்தால் 2006-ல் நடந்தது தடுக்கப்பட்டிருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். லின்டியன் மாதிரி கருவி, விளக்கம் இருக்கா என்று பார்க்கும். விளக்கம் சரியா என்று பார்க்காது. ஆனால் பெரிய டிஃபுக்குள் புதைந்த இரண்டு வரி, 'தற்செயல் எண் நிரலில் வால்கிரைண்ட் எச்சரிக்கையை நிறுத்த' என்ற தலைப்போடு தனி ஃபைலாக நின்றிருந்தால், தற்செயலாகக் கண்ணில் படுகிறவர் ஒரு நிமிஷம் நின்றிருப்பார். இந்தக் கருவிகள் வாங்கித் தருவது அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

உங்களிடம் டெபியனோ உபுண்டுவோ இருந்தால், பிடித்த பேக்கேஜ் ஒன்றின் மூலத்தை ஆப்ட் சோர்ஸ் கட்டளையால் இறக்கி, டெபியன் டைரக்டரிக்குள் பேட்சஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 'ஃபார்வர்டட்' என்ற வரியைத் தேடுங்கள். இல்லை என்று இருந்தாலோ, அந்த வரியே காணோம் என்றாலோ, அங்கே நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கலாம்.