லேபிள் மாறிய பாட்டிலும் உறைந்த உயிர்களும்

ஃப்ரீசரில் தெரியாமல் வைத்துவிட்ட தக்காளியை மறுநாள் வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும்வரை கல் மாதிரி இருக்கும். அரைமணி நேரம் வெளியே கிடந்தால் போதும், தோல் சுருங்கி, தண்ணீர் விட்டு, கொழகொழவென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் இப்படி அரைக் கிலோ தக்காளி வீணான அன்றுதான் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. தக்காளிக்கே இந்த கதி என்றால், மருத்துவமனைகளில் விந்தணுவையும் கருவையும் மைனஸ் 196 டிகிரியில் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்களே, அவை மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

தேடப் போனால் கதை லண்டனில் ஒரு லேபிள் குழப்பத்தில் தொடங்கி கொல்கத்தாவில் ஒரு சோகத்தில் வந்து நின்றது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் உறைந்தால் விரியும், அதனால் செல் வெடித்துவிடும்." பள்ளியில் நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. மெதுவாகக் குளிர வைத்தால் பனி முதலில் செல்லுக்கு வெளியேதான் உருவாகிறது. பனிப் படிகத்துக்குள் உப்புக்கு இடம் கிடையாது, சுத்தமான தண்ணீர் மட்டும்தான் படிகமாகும். எனவே பனி வளர வளர, உறையாமல் மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெளியே உப்பு ஏறினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். மாவடு போடுகிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பில் குலுக்கி வைத்த வடு மூன்று நாளில் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்குமே, அதேதான். செல் உறைந்து சாவதற்கு முன்பே ஊறுகாயாகிச் செத்துவிடுகிறது!

அப்படியென்றால் வேகமாகக் குளிர வைக்கலாமே? அங்கே வேறொரு ஆபத்து. தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காமல் செல்லுக்குள்ளேயே பனி கட்டிவிடும். அப்படி உள்ளே பனி கட்டிய செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உருக வைக்கும்போதும் நிம்மதி இல்லை, சின்னச் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகி மறுபடி நாசம் செய்கின்றன. மெதுவாகப் போனால் உப்பு, வேகமாகப் போனால் பனி. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்ததுதான் இந்தத் துறையின் வரலாறே.

ஆசை என்னவோ ரொம்பப் பழையது. 1776-ல் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி, பனியில் வைத்த விந்தணுக்கள் அசையாமல் நின்று, சூடு பட்டதும் மறுபடி நீந்தியதைக் குறித்து வைத்தார். 1866-ல் மான்டெகாசா என்ற இன்னொரு இத்தாலியர், போருக்குப் போகும் வீரனின் விந்தை உறைய வைத்தால் அவன் இறந்த பிறகும் வாரிசு பிறக்கலாம் என்று எழுதினார். ஆனால் நிஜமாகவே உறைய வைத்தால் விந்தணுக்களில் பெரும்பாலானவை செத்துவிடும். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்காவில் பசில் லூயே என்ற பாதிரியார் (இந்தத் துறையில் பாதிரியார்கள் அதிகம், ஏனென்று கேட்காதீர்கள்) இதற்காக நிறையப் பாடுபட்டார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

திருப்பம் 1949-ல். லண்டனின் மில் ஹில் பகுதியில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். ஆலன் பார்க்ஸ், ஆட்ரி ஸ்மித், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய கிறிஸ்டோபர் போல்ஜ் ஆகிய மூன்று பேர். சேவல் விந்தணுவைப் பழச்சர்க்கரைக் கரைசலில் கலந்து மைனஸ் 79 டிகிரியில் உறைய வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. பாட்டில்களைக் குளிர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். சில மாதம் கழித்து அதே பாட்டிலை எடுத்து மறுபடி செய்தால், உருகிய விந்தணுக்கள் ஜோராக நீந்துகின்றன! புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துச் செய்தால் பழையபடி தோல்வி. அந்த ஒரு பாட்டிலில் மட்டும் என்ன மாயம்?

பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை வேதியியல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது: சர்க்கரை இல்லவே இல்லை. இருந்தது கிளிசரின், தண்ணீர், கொஞ்சம் புரதம். நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டுகளில் திசுக்களை ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் கலந்த ஒரு பசை ஆய்வகங்களில் வழக்கம். அந்தப் பாட்டிலின் லேபிளும் சர்க்கரைப் பாட்டிலின் லேபிளும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். வெள்ளைக்கருவுக்கு இதில் வேலையில்லை, வேலை செய்தது கிளிசரின்.

இதை "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. லேபிள் மாறியது அதிர்ஷ்டம். மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்தைக் கொட்டாமல் பரிசோதனைக்கு அனுப்பியது அதிர்ஷ்டம் அல்ல. நம் லேபில் ரிசல்ட் மாறினால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1950-ல் ஆட்ரி ஸ்மித், கிளிசரின் கலந்தால் ரத்தச் சிவப்பணுக்களும் பிழைக்கின்றன என்று காட்டினார். பாம்பே வகை போன்ற அரிதான ரத்தத்தை இன்றும் இந்த முறையில் பல ஆண்டுகள் பாதுகாக்க முடிகிறது. 1951-ல் உறைந்த விந்திலிருந்து முதல் கன்றுக்குட்டி பிறந்தது. 1953-ல் அமெரிக்காவின் ஐயோவாவில், உறைந்த விந்தணு மூலம் உண்டான முதல் மனிதக் கர்ப்பங்கள் பற்றிய அறிக்கை வந்தது.

கிளிசரின் ஏன் காப்பாற்றுகிறது என்று சொன்னவர் அதே நிலையத்தில் இருந்த ஜேம்ஸ் லவ்லாக். ஆமாம், பூமி முழுவதும் ஒரே உயிர் போல இயங்குகிறது என்ற 'கையா' கோட்பாட்டைச் சொல்லி, 2022-ல் 103 வயதில் மறைந்தாரே, அவரேதான். 1953-ல் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பணுக்களை உறைய வைக்காமலேயே, உறையும்போது எவ்வளவு உப்பு சேருமோ அவ்வளவு உப்புக் கரைசலில் போட்டு எடுத்தார். வழக்கமான அளவைப்போல சுமார் 5 மடங்கு உப்பு சேர்ந்ததுமே சேதம் தொடங்கிவிட்டது. பனியே இல்லை, ஆனால் அதே சேதம்! கிளிசரின் செல்லுக்குள்ளும் புகுந்து, தண்ணீரோடு கலந்து நிற்பதால், எந்த வெப்பநிலையிலும் உருவாகும் பனி குறைகிறது. அதனால் உப்பின் செறிவும் குறைகிறது.

அதோடு அவரும் ஸ்மித்தும் வெள்ளெலிகளை உடல் விறைக்கும்வரை குளிர வைத்து மீட்டதும் நடந்தது. முதலில் சூடான உலோகத்தை நெஞ்சில் வைத்து உயிர்ப்பித்தார்களாம், பாவம் வெந்து போயின. லவ்லாக் நுண்ணலை வைத்து உள்ளிருந்து சூடாக்கும் கருவி ஒன்று செய்தார். இதை நினைவில் வையுங்கள்.

1972-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பீட்டர் மேசர் மேலே சொன்ன இரண்டு ஆபத்துகளையும் ஒரே கோட்பாட்டில் சேர்த்தார். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு சரியான வேகம் உண்டு. உப்பில் ஊறிச் சாகாத அளவுக்கு வேகம், உள்ளே பனி கட்டாத அளவுக்கு நிதானம். மைனஸ் 196 டிகிரியில் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. அங்கே வேதிவினையே நின்றுவிடும், நூறு வருடம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். கொல்வது அந்த ஆழ்ந்த குளிர் அல்ல. அதற்குப் போகும் வழியில், சுமார் மைனஸ் 15 முதல் மைனஸ் 60 வரை உள்ள பகுதிதான் கொல்கிறது. அதையும் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை கடக்க வேண்டும். அதே 1972-ல் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் மூவரும் எலிக் கருக்களை டி.எம்.எஸ்.ஓ என்ற வேதிப்பொருளில் வைத்து, நிமிடத்துக்கு 0.3 முதல் 2 டிகிரி வேகத்தில் குளிர வைத்து, பின் உருக்கி, உயிருள்ள எலிக்குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள்.

எலிக்கு முடிந்தது மனிதனுக்கு? இங்கேதான் கொல்கத்தா வருகிறது.

உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ல் பிறந்தது. சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்திரிகைகள் 'துர்கா' என்றன. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். உடன் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. மூன்றாமவர் சுனித் முகர்ஜி, யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவர். என் தக்காளிப் பிரச்சினை தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! இவர்கள் 8 செல் கருவை டி.எம்.எஸ்.ஓ-வில் உறைய வைத்து, 53 நாள் கழித்து உருக்கி, தாயின் கருப்பையில் வைத்ததாக அறிவித்தார்கள். ஹார்மோன் ஊசி போட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்காது, ஆகவே காத்திருந்து இயற்கையான சுழற்சியில் வைக்கலாம் என்பது முகோபாத்யாயின் யோசனை.

உறைந்த மனிதக் கருவிலிருந்து கர்ப்பம் என்பது அதுவரை உலகில் யாரும் செய்யாதது. மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானில் போய்ப் பேச வந்த அழைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இடமாற்றங்கள் வந்தன, கடைசியாக ஒரு கண் மருத்துவ நிலையத்துக்கு. 1981 ஜூன் 19-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். முழு விவரங்களோடு கட்டுரை எதையும் அவர்கள் வெளியிட்டிருக்கவில்லை. 1978-ல் இந்தியக் குளிரியல் இதழில் ஒரு சிறு அறிக்கை மட்டும்தான். கேள்வி கேட்டதில் தப்பில்லை. ஆனால் கேள்வி கேட்பது வேறு, அவர் பதில் சொல்லத் தேவையான வசதியையும் நேரத்தையும் பிடுங்குவது வேறு. 1983-ல் மெல்போர்னில் டிரவுன்சனும் மோரும் உறைந்த கருவிலிருந்து கர்ப்பத்தை அறிவித்தார்கள், 1984-ல் அங்கே குழந்தையும் பிறந்தது. அவர்கள் பயன்படுத்தியதும் டி.எம்.எஸ்.ஓ-தான். 1986-ல் மும்பையில் பிறந்த குழந்தையை இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று கொண்டாடினார்கள். அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், 1997-ல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, "முதல்வர் நான் அல்ல, அவர்தான்" என்ற பொருளில் தானே எழுதினார். தன் பட்டத்தைத் தானே இறக்கி வைத்த ஆள். இவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

சரி, லூயேவுக்கு வருவோம். அவர் தேடியது மூன்றாவது வழி: பனியே வராமல் கண்ணாடியாக்குவது. கற்கண்டும் சர்க்கரைதான், லாலிபாப்பும் சர்க்கரைதான். முன்னது படிகம், பின்னது கண்ணாடி. அதுபோல, காப்புப் பொருளை மிக அதிகமாகச் சேர்த்து மிக வேகமாகக் குளிர வைத்தால் திரவம் படிகமாகாமல் அப்படியே இறுகிவிடும். லூயேயால் முடியாததை 1985-ல் ராலும் ஃபாஹியும் எலிக் கருவில் செய்து காட்டினார்கள். மனிதக் கருமுட்டைக்கு இன்று பரவலாக இதுதான் முறை.

முழு உறுப்பு என்றால் கஷ்டம். ஓரம் சீக்கிரம் உருகும், நடு உருகாது. விரிசல் விடும், பனி கட்டும். வெள்ளெலியை உள்ளிருந்து சூடாக்கிய லவ்லாக்கின் யோசனை இங்கே வேறு உருவில் திரும்பி வந்தது. 2023-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் எலியின் சிறுநீரகத்துக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைச் செலுத்தி, கண்ணாடியாக்கி, 100 நாள் வரை வைத்திருந்து, காந்தப் புலத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடாக்கி, கழுவி எடுத்து வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அந்தச் சிறுநீரகத்தை மட்டும் நம்பி அந்த எலிகள் உயிர் வாழ்ந்தன. எலியின் சிறுநீரகம் ஒரு மொச்சைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, எடை 1 கிராம் சொச்சம். நம்முடையது சுமார் 150 கிராம். இன்றும் தானம் பெற்ற சிறுநீரகத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓடுவது இதனால்தான்.

குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்து வசந்தத்தில் துள்ளி எழும் வட அமெரிக்க மரத்தவளையைப் பற்றியும் எழுத நினைத்தேன். அது வேறொரு நாள்.