விளக்கு இங்கே, உலை அங்கே

திருமுருகன்பூண்டி என்ற பெயரைக் கேட்டதும் சைவ அன்பர்களுக்கு ஒரு வழிப்பறி நினைவுக்கு வரும். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு சுந்தரர் இவ்வழியே வந்தார். சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவில் வந்து அவ்வளவையும் பறித்துக்கொண்டன. சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய், பாட்டாகவே இறைவனிடம் நியாயம் கேட்டார். பொருள் திரும்பி வந்தது என்பது புராணம். பறிகொடுத்தவன் யாரிடம் போய்க் கேட்பது? அணு மின்சாரத்தைப் பற்றி யோசிக்கும்போதும் இந்தக் கேள்விதான் என் முன்னால் வந்து நிற்கிறது.

கொங்கு நாட்டின் தொழில் வாழ்வு மின்சாரத்தோடு பிறந்தது என்றே சொல்லலாம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கி வந்த அந்த மின்சாரத்தில் கோயம்புத்தூர் வட்டாரத்துப் பஞ்சாலைகள் பெருகின. திருப்பூரில் பின்னால் பனியன் தொழிலும் வளர்ந்தது. மேட்டூர் வந்தது, நெய்வேலி வந்தது; பசி மட்டும் அடங்கவில்லை. 1983-ல் கல்பாக்கத்து அணு உலையிலிருந்து முதல் மின்சாரம் கிடைத்தது. 1974-ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் கனடா தன் உதவியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நம்மவர்களே முயன்று முடித்த உலை அது. பெருமைப்பட வேண்டிய காரியம்தான்.

அணுவின் பக்கத்து நியாயம் லேசானதல்ல. விரல் நுனியளவு யுரேனிய வில்லை ஒன்று, ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்யும். புகை இல்லை; சாம்பல் மலை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்தால் பல்லடத்துக் காற்றாலைகளும் ஓய்ந்துவிடும். அணு உலை பருவம் பார்ப்பதில்லை. 2012-ல் திருப்பூர் வட்டாரத்தில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டீசலை ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டிய முதலாளிக்கு நஷ்டம். ஓட்ட வழியில்லாத சிறு கம்பெனியில் டெய்லருக்குக் கூலியே இல்லை. "கூடங்குளத்தைச் சீக்கிரம் திறக்கக் கூடாதா?" என்று அவர்கள் ஏங்கியதில் என்ன தப்பு?

ஆனால் அதே காலத்தில் இடிந்தகரையில் மீனவப் பெண்கள் மாதா கோயில் பந்தலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட திட்டம் அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் செர்னோபில் உலை வெடித்திருந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் கடல் புகுந்து உலைகள் உருகியதைப் பார்த்த பிறகு, கடலோரத்து மக்கள் எப்படித் தூங்குவார்கள்? 2004-ல் சுனாமி கல்பாக்கத்துக்கும் வந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. பக்கத்துக் குடியிருப்பில் உயிர்கள் போனதும் உண்மை. 2012 செப்டம்பரில் போராட்டம் முற்றியபோது, மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு மீனவர் பலியானார். மறு வருஷம் அக்டோபரில் கூடங்குளத்து மின்சாரம் கம்பியில் ஏறியது.

இந்த இரு கட்சியையும் புரிந்துகொள்ளத் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு தனித் தகுதி உண்டு. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. பனியன் விற்ற பணம் மேலே இருந்தது. கெட்டுப்போன கிணறு கீழே இருந்தது. விவசாயிகள் பதிகம் பாடவில்லை, வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரிக்க அதன் பிறகுதான் வழி பிறந்தது. செலவு மிகுதிதான், ஆனாலும் தொழில் அழிந்துவிடவில்லை.

அணு உலைக்கும் கழிவு உண்டு. சுந்தரர் காலத்திலிருந்து இன்று வரை சுமார் 1200 ஆண்டுகள். எரிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் வேண்டும். அதை வைக்கத் தனிக் கிடங்கை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018-ல் தவணை கேட்டார்கள். 2022 வரை கிடைத்தது. இதற்கிடையில் 2017-லிருந்து அங்கே மேலும் நான்கு உலைகளின் கட்டுமானமும் தொடங்கிவிட்டது.

அணு மின்சாரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கதை எழுதுகிறவன் அப்படித் தீர்ப்புச் சொல்வது சரியுமல்ல. லாபக் கணக்கைத் திருப்பூரிலும் நஷ்டக் கணக்கை இடிந்தகரையிலும் தனித்தனியே எழுதி வைத்தால் எந்தக் கணக்கும் நேராகாது என்பதே என் கட்சி. பூண்டியில் விளக்குப் போடுகிற நாமும், "அந்தக் கிடங்கு எங்கே, எப்போது, யாருடைய காவலில்?" என்று கேட்க வேண்டும். நொய்யல் கரை விவசாயிகள் அன்று நம்மிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.